தலைநகரின் காட்சியகங்களும் தலைநகராய் இருந்த படைவீடும்

(படைவீட்டில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஊர்ப்புறத்துப் பள்ளி மாணவரை ஆண்டுக்கு ஒருமுறை தலைநகருக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. கடற்கரையைக் காட்டுவர், உயர்ந்த கட்டடங்களைக் காட்டுவர், கடைத்தெருவில் உலாவவிடுவர். பொழுது எஞ்சினால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வாயிலில் இறக்கிவிட்டு, அரை மணியில் திரும்பி வருமாறு பணிப்பர். பல்லாயிரம் ஆண்டு வாழ்வை அரை மணியில் பார்த்து வந்த மாணவன், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை மட்டும் நினைவில் வைத்திருப்பான். அவன்மீது குற்றமில்லை. எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதை அவனுக்கு எவரும் சொல்லி அனுப்பவில்லை.

அதனைச் சொல்லி அனுப்புதற்குப் படைவீட்டைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஏனெனில் இவ்வூரே ஒரு காலத்தில் தலைநகர். சவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதி பாயும் இந்நிலத்தில், சம்புவராயர் அரசு வீற்றிருந்தது. சோழப் பேரரசின்கீழ்ச் சிற்றரசராய் இருந்த அக்குடியினர், சோழர் ஆட்சி தளர்ந்த 13-ஆம் நூற்றாண்டில் வலிமை பெற்றனர். 14-ஆம் நூற்றாண்டில் வென்றுமண்கொண்ட சம்புவராயனும் அவன்பின் இராசநாராயண சம்புவராயனும் தொண்டை நாட்டைத் தன்னுரிமையோடு ஆண்டனர். வடக்கேயிருந்து படையெடுப்புகள் தமிழகத்தை அலைக்கழித்த காலத்தில், பாண்டியர் மதுரையும் வீழ்ந்துபோன காலத்தில், தமிழ் மண்ணில் தமிழரசாய் எஞ்சி நின்றவற்றுள் இதுவும் ஒன்று. 1360-களில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் படைகொண்டு வந்து சம்புவராயரை வென்றான். அதன்பின்னும் இவ்வூரின் பெயர் மறையவில்லை; விசயநகரத்தார் தம் ஆட்சிப் பிரிவு ஒன்றையே 'படைவீட்டு இராச்சியம்' என்று வழங்கினர்.

படைவீடு என்பது படை தங்கும் பாசறை. முருகனுக்குரிய ஆறு இடங்களைப் படைவீடு என்று கூறும் தமிழர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் இன்று பெயர்ப்பலகைகளில் காணப்படுவது 'படவேடு' என்னும் சிதைந்த வடிவம். அயலார் வாயிலும் அயலெழுத்திலும் உருக்குலைந்த பெயரை, எழுதத் தெரிந்த தமிழனே அப்படியே திருப்பி எழுதிக்கொள்கிறான். 'படவேடு' என்று கேட்கும் சிறுவனுக்கு எப்பொருளும் தோன்றாது. 'படைவீடு' என்று கேட்டால், இங்கே எவருடைய படை இருந்தது, எதற்காக இருந்தது என்று அவன் வினவுவான். ஓர் ஊரின் முதல் அருங்காட்சியகம் அதன் பெயரே. அது பூட்டப்பட்டுவிட்டால் மற்றவை திறந்திருந்தும் பயனில்லை.

இனி இன்றைய தலைநகருக்குச் செல்வோம்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851-இல் (தி.பி. 1882) தொடங்கப்பெற்றது. அதன் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். முதலில் அது புனித சார்ச்சுக் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. சில ஆண்டுகளில் எழும்பூரின் பாந்தியன் வளாகத்திற்கு மாறியது. 1855-இல் அவ்வளாகத்திலேயே விலங்குகளையும் பால்பர் வளர்க்கத் தொடங்கினார். சென்னைப் பொதுமக்கள் இரண்டுக்கும் தாமே பெயர் வைத்தனர். உயிருள்ள விலங்குகள் இருந்த இடம் 'உயிர் காலேசு'. உயிரற்ற பொருள்கள் இருந்த இடம் 'செத்த காலேசு'. உயிர் காலேசு பின்னர் மூர் அங்காடிப் பக்கத்துப் பூங்காவிற்குச் சென்று, 1985-இல் வண்டலூரில் குடியேறியது. செத்த காலேசு எழும்பூரிலேயே நிலைத்தது.

எழுத்தறியாத எளிய மக்கள் நகையாக வைத்த அப்பெயரில் கூர்மையான உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. பார்ப்பவனுக்குத் தன் வரலாறு தெரியாவிடின், அங்குள்ள அனைத்தும் செத்த பொருள்களே. தெரிந்தவன் உள்ளே நுழைந்தால் கல்லும் செம்பும் வாய்திறந்து பேசும். ஆகவே உள்ளே செல்வோர் இவற்றை உளங்கொண்டு செல்லல் வேண்டும்.

முதலாவது, கற்கருவிகள். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்துச் செம்புரைக்கல் நிலத்தில், நிலநூலறிஞர் இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் தொல்பழங்கால ஆய்வு அன்றுதான் பிறந்தது. அவர் வாழ்நாள் முழுதும் திரட்டிய கருவிகளை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. அவற்றைக் காணும் படைவீட்டு மாணவன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சவ்வாது மலையூர்களிலும் சேர்வராயன் மலையூர்களிலும், வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடியில் அடுக்கிவைத்து மக்கள் வழிபடுகின்றனர். தலைநகரில் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதும், மலைமேல் மரத்தடியில் மஞ்சள் பூசி இருப்பதும் தொல்பழங்கால மாந்தரின் கைவேலையே.

இரண்டாவது, ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். பொருநையாற்றங்கரையின் அத்தாழிக்காட்டை 1876-இல் பெர்லினிலிருந்து வந்த சாகோர் என்பார் தோண்டினார். கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்கே கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் இரீ என்பார் விரிவாக அகழ்ந்தார். இரும்புக் கருவிகளும், வெண்கலத்தில் வார்த்த விலங்குருவங்களும், பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. அவர் எடுத்தவை எழும்பூரில் உள்ளன. ஒரே இடுகாட்டின் பொருள்கள் செருமானியத் தலைநகரிலும் தமிழகத் தலைநகரிலும் பிரிந்து கிடக்கின்றன என்பதை மறத்தல் ஆகாது.

மூன்றாவது, அமராவதிச் சலவைக்கற்கள். கிருட்டிணையாற்றங்கரைப் புத்தத் தூபியின் சிற்பங்கள் இவை. 1797-இல் காலின் மெக்கன்சி அவ்விடத்தைக் கண்டபோது, அவற்றைப் பெயர்த்துக் கட்டடம் கட்டுவோரும் சுண்ணாம்பு சுடுவோரும் இருந்தனர். 1845-இல் வால்டர் எலியட்டு மேலும் அகழ்ந்தார். சென்னைக்கு வந்தவற்றுள் ஒரு பெரும்பகுதி பின்னர்க் கப்பலேறி இலண்டன் சென்றது. எஞ்சியவை எழும்பூரில் நிற்கின்றன. ஒரே கதையைச் சொல்லும் கற்கள் இரு தலைநகரங்களில் துண்டுபட்டு நிற்கும் காட்சி இது.

நான்காவது, செப்புத் திருமேனிகள். எழும்பூரின் சிறப்பே இதுதான். திருவாலங்காட்டு ஆடல்வல்லான் இங்கு இருக்கிறான். பிரெஞ்சு நாட்டுப் பெருஞ்சிற்பி உரோடின் இத்திருமேனியை நேரிற் கண்டவரல்லர். ஒளிப்படங்களில் மட்டுமே கண்டு, 1913-இல் அதனை வியந்து எழுதினார். திருவெண்காட்டு மாதொருபாகன் இங்கு இருக்கிறான்: ஒரு தோள் ஆண்மையும் மறு தோள் பெண்மையும் காட்ட, நடுவே பிளவு தோன்றாது வார்த்த கை தமிழ்க் கம்மியனின் கை. நாகைப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட ஏறத்தாழ 350 புத்தத் திருமேனிகளுள் பலவும் இங்கு உள. சிவனியம், மாலியம், புத்தம், சமணம் என்று நெறி பலவாயினும் வார்த்த கை ஒன்றே.

எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனை அறியாது சென்று, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் ஊர்ப்புறத்தார் உண்டு. செல்வோர் நாளறிந்து செல்க. ஒரு முழுப் பகற்பொழுதை ஒதுக்கிக்கொண்டு செல்க.

அடுத்துக் காணத்தக்கது கோட்டை அருங்காட்சியகம். அக்கட்டடம் 1795-இல் எழுந்தது; 1948-இல் காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. ஆங்கிலேயரின் துமுக்கிகளும் வாள்களும் நாணயங்களும் ஆளுநர்களின் ஓவியங்களும் அங்குள்ளன. தமிழன் அடிமைப்பட்ட கதையை அடிமைப்படுத்தியவனின் பொருள்களைக்கொண்டே படிக்கக் கூடிய இடம் அது. அதனைக் கண்டபின் வள்ளுவர் கோட்டத்திற்குச் செல்லல் தகும். 1976-இல் திறக்கப்பெற்ற அக்கோட்டத்தில் 1330 குறட்பாக்களும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. கற்றேரின் முன்னின்று தலைநிமிர்ந்து பார்த்த மாணவன், கோட்டையில் கண்ட துமுக்கியை மறந்துவிடுவான்.

இவ்வளவும் கண்டு ஊர் திரும்பும் படைவீட்டு மாணவன் ஒரு வினாவோடு திரும்புவானாயின், அந்தச் செலவு பயனுடைத்து. அவ்வினா இதுதான்: 'நம் ஊரும் தலைநகராய் இருந்ததே, நம் ஊரின் அருங்காட்சியகம் எங்கே?'

இவ்வினாவுக்கு விடை, அவன் கால்மிதித்து நடக்கும் மண்ணிலேயே இருக்கிறது. படைவீட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் கோயில்களும் கோட்டைச் சுவர்களும் கூரையில்லாத காட்சியகமே. அம்மையப்பர் கோயிற் கல்வெட்டு சம்புவராயர் காலத்தைப் பேசுகிறது. இராசகம்பீரன் மலையில் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. மற்றொரு கோயிலில், வில்லேந்தாது ஓக நிலையில் அமர்ந்த இராமரும், எதிரே ஓலைச்சுவடி ஏந்திய அனுமனும் காணப்படுகின்றனர். இத்தகைய அமைப்பு வேறிடங்களில் அரிது. இது குறும்பர் கோட்டையாய் இருந்ததென்றும், மண்மாரி பொழிந்து நகர் புதைந்ததென்றும் ஊர்வழக்கு கூறுகிறது. வழக்கை வரலாறாகக் கொள்ளுதல் ஆகாது. ஆயினும் நிலத்தின்கீழ் நகர் உண்டென்னும் கருத்தை அகழாய்வே மெய்ப்பித்தது. தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை 1992-93-இல் இவ்வூரில் அகழாய்வு நிகழ்த்தியது.

சுற்றுப்புறமும் வறியதன்று. போளூருக்கு அருகிலுள்ள திருமலைக்குச் செல்க. அங்கே பாறையைச் செதுக்கி ஓங்க நிறுத்திய நேமிநாதர் திருவுருவமும், குந்தவையின் பெயர் தாங்கிய சமணப் பள்ளியும், இராசேந்திர சோழனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் கல்வெட்டும், பழைய ஓவியங்களும் ஓரிடத்திலே உள்ளன. சேரன் எழினி நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்களை, அவன் வழிவந்த தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்தான் என்னும் செய்தியும் அங்கே கல்லில் இருக்கிறது. முன்னோன் செய்ததைப் பின்னோன் காத்தான். காத்ததை எழுதியும் வைத்தான். அருங்காட்சியகம் என்னும் சொல் பிறவாத காலத்தில் தமிழன் நடத்திய காப்புப் பணி அது.

தெற்கே செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகள் நடுகற்களின் விளைநிலம். ஆநிரை மீட்டு மடிந்த வீரர்க்குப் பல்லவர் காலத்தில் நட்ட கற்கள் அங்குள்ளன. தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக அவற்றைத் தொகுத்தது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று போதும், தமிழனின் நெஞ்சைக் காட்ட. மகேந்திரவர்மன் காலத்தது அது. கருந்தேவகத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்து அவனுக்குக் காவலாய் நின்ற கோவிவன் என்னும் நாயையும் அக்கல் உருவாகவும் எழுத்தாகவும் காட்டுகிறது. வேந்தனுக்கு மெய்க்கீர்த்தி பாடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. ஊர்க்காவலன் ஒருவனின் நாய்க்கும் பெயரெழுதிக் கல் நட்ட மக்கள் இந்த வட்டாரத்து மக்கள்.

இத்தகைய செல்வம் இருந்தும் அது நாளும் கரைகிறது. கல்வெட்டுச் சுவரின்மேல் வெள்ளையடிக்கின்றனர். மணல் வீச்சால் எழுத்தைத் தேய்க்கின்றனர். நடுகல்லைப் படிக்கல்லாகவும் துவைகல்லாகவும் ஆக்குகின்றனர். அமராவதியில் சுண்ணாம்பு சுட்டவன் கொடியவனல்லன். அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இன்று தெரிந்தபின்னும் அதையே செய்பவனை என்னென்பது?

தெரியாமையால் கரைவது ஒருபுறம். தெரிந்து திருடப்படுவது மறுபுறம். சோழநாட்டுப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஆடல்வல்லான் திருமேனி, கள்ளக் கைகள் பல மாறி இலண்டனை அடைந்தது. அங்கே வழக்கு நடந்தது. பத்தூர்க் கோயிலின் உரிமையை ஆங்கில முறைமன்றம் ஏற்றது. 1991-இல் திருமேனி மீண்டது. அரியலூர் மாவட்டத்துத் திருப்புரந்தான் கோயில் ஆடல்வல்லானை ஆத்திரேலியத் தலைநகர் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ ஐம்பது இலக்கம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. அது திருட்டுப் பொருள் என்பது வெளிப்பட்டபின், 2014 செப்டம்பரில் அந்நாட்டுத் தலைமையமைச்சர் தம் கையாலேயே திருப்பித் தந்தார். விருத்தாசலத்து மாதொருபாகன் கற்சிலையும் ஆத்திரேலியாவிலிருந்து அவ்வாறே மீண்டது.

ஆத்திரேலியாவிலிருந்து இத்திருமேனிகள் எவ்வாறு மீண்டன என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். வீரத்தால் மீளவில்லை, கண்ணீரால் மீளவில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள் சான்றாய் நின்றன. கோயிலுக்குள் இன்ன திருமேனி இவ்விடத்தில் இருந்தது என்று காட்டும் ஒரு தாள் இருந்தது, ஆகவே மீண்டது. அத்தாள் இல்லாத திருமேனிகள் எத்தனையோ அயல்நாட்டுக் கூடங்களில் ஊரும் பேரும் அற்று நிற்கின்றன. பதிவு செய்யப்படாத செல்வம் பாதி களவு போன செல்வமே.

பொருள்களெல்லாம் தலைநகரில் இருப்பதே காப்பு என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. எழும்பூர் இல்லையேல் ஆதிச்சநல்லூரின் பொன்னும் வெண்கலமும் உருக்குலைக்குள் போயிருக்கும். தனித்து நிற்கும் கோயிலில் காவலின்றி விடப்பட்ட திருமேனி எவ்வாறு கடல் கடந்தது என்பதையும் கண்டோம். ஆனால் காப்பு வேறு, வேர் வேறு. வேரோடு பிடுங்கிய மரத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கலாம், அது பூக்காது. தன் மண்ணிலேயே பொருளை வைத்துக் காக்கவும் இயலும் என்பதற்குக் கீழடி சான்று. அங்குக் கிடைத்த பொருள்கள் 2023 மார்ச்சுத் திங்கள் முதல் அங்கேயே தனி அருங்காட்சியகத்தில் காட்டப்படுகின்றன. அந்தந்த ஊர்ச் சிறுவன் தன் பாட்டன் செய்த பானையைத் தன் ஊரிலேயே பார்க்கிறான். கீழடிக்கு இயன்றது படைவீட்டுக்கு இயலாததன்று. படைவீட்டு மண்ணில் கிடைப்பவை படைவீட்டிலே காக்கப்படல் வேண்டும் என்பது முறையான வேண்டுகோளே.

அவ்வேண்டுகோள் நிறைவேறும்வரை கைகட்டி இருத்தல் வேண்டா. ஊரார் செய்யக்கூடிய பணிகள் உள. அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

ஒன்று: ஊரின் பெயரைத் திருத்தமாக எழுதுதல். கடிதத்தின் மேலும், கடைப் பலகையிலும், திருமண அழைப்பிலும் 'படைவீடு' என்றே எழுதுக. மக்கள் எழுதத் தொடங்கினால் அரசுப் பலகை பின்தொடரும். காட்சியகத்துப் பெயர்ப்பலகைகளிலும் தமிழே முதலிடம் பெறல் வேண்டும். பொருளைச் செய்தவனின் மொழியிலேயே பொருளின் பெயர் நிற்க வேண்டும்.

இரண்டு: ஊர்ப் பதிவேடு. ஒவ்வொரு கல்வெட்டு, நடுகல், சிலை, பாழ்க்கோயில் ஆகியவற்றையும் கைப்பேசியாலேயே நான்கு புறமும் ஒளிப்படம் எடுத்து, இருக்கும் இடம், அளவு, எடுத்த நாள் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளியிலும் ஊராட்சியிலும் படி வைத்தல் வேண்டும். திருப்புரந்தானை மீட்டது இத்தகைய ஒரு பதிவே.

மூன்று: கண்டெடுத்ததை அறிவித்தல். உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ பழம்பொருள் கிடைத்தால் மறைத்தல் குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து உருவாவுக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், நூறாண்டைக் கடந்த சிலைகளையும் பிற தொல்பொருள்களையும் தனியார் நாடு கடத்துவதைத் தடுக்கிறது. இச்சட்டங்களை அறியாத உழவனைத்தான் இடைத்தரகன் சில நூறு உருவாவுக்கு ஏமாற்றுகிறான்.

நான்கு: கல்லின்மேல் வெள்ளையும் வண்ணமும் பூசாமை. திருப்பணி செய்வோர் எழுத்துள்ள கல்லை இடம் மாற்றுமுன் தொல்லியல் துறையினரை அழைத்தல் வேண்டும். கோயிலுக்குப் பொலிவு தருவதாக எண்ணி, கோயிலின் வாயையே அடைத்துவிடல் ஆகாது.

ஐந்து: மாணவர் செலவை முறைமாற்றுதல். முதலில் படைவீட்டுக் கோட்டையைக் காட்டுக. பின் திருமலையையும் செங்கத்து நடுகற்களையும் காட்டுக. பின் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைக் காட்டுக. அதன்பின் எழும்பூருக்கு அழைத்துச் செல்க. அவ்வாறு சென்ற மாணவன் அரை மணியில் திரும்பமாட்டான். ஒவ்வொரு பேழையின் முன்னும் நின்று, 'இது எவ்வூர்ப் பொருள்?' என்று கேட்பான்.

தமிழ்நெஞ்சங்களே! தலைநகரங்கள் மாறும். காஞ்சி தலைநகராய் இருந்தது, உறையூர், தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், மதுரை, வஞ்சி எல்லாம் தலைநகராய் இருந்தன, படைவீடும் இருந்தது. கொடியும் கோட்டையும் இடம்பெயர்ந்து போகும். போகாமல் நிற்பது, அவ்வூரார் தம் ஊரைப்பற்றிக் கொண்டிருக்கும் அறிவு ஒன்றே. கோவிவன் என்னும் நாய், தன் தலைவன் மாய்ந்தபின்னும் அவ்விடம் விட்டு அகலாது காவல் நின்றது. அதற்கு எழுத்துத் தெரியாது; நன்றி தெரிந்திருந்தது. எழுத்தும் நன்றியும் இரண்டும் உடைய தமிழர், தம் முன்னோர் விட்டுச் சென்ற கல்லுக்கும் செம்புக்கும் சொல்லுக்கும் காவல் நிற்பாராக!

படைவீடு தன் பெயரை மீட்பதாகுக! தமிழ் வெல்க!